ஜோர் என்று அவள் சொன்னது

தேங்காப்பட்டணம்
14 ஆகஸ்ட் 2024

ரெஜிலா,

திங்கட்கிழமை உன் அலுவலக அறையில் நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஷெஃபாலி எங்கே இருக்கிறாள் என்று நீ கேட்டாய். சொல்லவில்லை. உன் முதலாளி ஜெபசீலன் கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. பெண்கள் விடுதியின் கதவுக்கு வெளிப்பூட்டு வாங்கிப் போட்டது நீதான் என்று எனக்குத் தெரியும். அதையும் அவர் முன்னால் சொல்லவில்லை. 

உனக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு மணியே அடிக்கவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டாய் போலிருக்கிறது. அதுவும் நல்லதுதான். உன் போன் கம்பெனி போன். வீட்டுக்கு வரும் கடிதம் அப்படியல்ல. கல்லூரி விடுமுறைகளில் நாம் எழுதிக்கொண்ட கடிதங்களை உன் அம்மா ஞானபாய் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

நீ வேலை பார்க்கும் முந்திரி ஆலைக்கு வடக்கிலிருந்து பெண்கள் வேலைக்கு வந்தபோது, ஹிந்தி டியூஷன் எடுப்பவள் என்று என்னைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடு என்று கேட்டது நீ. பஸ் ஏறவும் கடையில் சாமான் வாங்கவும் தெரிந்தால் போதும் என்றாய். நான் முதல் வகுப்பில் ‘வேண்டாம்’ சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவதாக, கதவைத் தட்டினால் ‘யார்?’ என்று கேட்க. அடுத்த வாரமே அவர்கள் உள்ளூர்ப் பெண்களிடமிருந்து ‘ஆரு?’ என்று கற்றுக்கொண்டு வந்து, என் புத்தகத் தமிழைக் கிண்டல் செய்தார்கள். அதிகம் சிரித்தவள் ஷெஃபாலி.

கடந்த ஞாயிறு அவள் கடைசி வரிசையில் சிரிக்காமல் இருந்தாள். மணிக்கட்டில் விரல்கள் பதிந்த தடம். வகுப்பு முடிந்த பிறகு சொன்னாள். முந்திரி உடைக்கும் பிரிவில் கை எரிச்சல் தாங்காமல், கையைக்கூடக் கழுவாமல், அவள் முன்னதாகவே விடுதிக்குத் திரும்பியிருக்கிறாள். சாவி சூப்பர்வைசர் பிரபினிடம். கதவைத் திறந்துவிட வந்தவன் பின்னாலேயே உள்ளே நுழைந்திருக்கிறான். அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறாள். தமிழில்தான், நான் சொல்லிக்கொடுத்தபடியே. பிறகு அவனைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறாள்.

மறுநாளே உன்னிடம் புகார் சொன்னாள். நீ தலைவியாக இருக்கும் புகார்க் குழு அவளை அழைத்து விசாரித்தது. ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டது. ஏன் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. “நான் சொன்னேன் தீதி, எல்லாரும் சிரித்தார்கள்” என்கிறாள். பூட்டு அதே கதவில். சாவி அதே ஆளிடம். அதனால் என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளை மறுபடி விசாரியுங்கள். அவள் மொழி தெரிந்த ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு.

ஹிபா

*

மார்த்தாண்டம்
17 ஆகஸ்ட்

ஏட்டி ஹிபா,

எழுத்துத் தமிழ் உனக்கு இருக்கட்டு. நான் பேசுகது போலதான் எழுதுவேன்.

பாடம் எடுக்கேன்னு வந்தவ ஒரு வேலைக்காரப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்ட. முதலாளி போலீசுன்னு நிக்காரு. கொஞ்சம் பொறுங்கன்னு பிடிச்சு வச்சிருக்கது நான். இதையும் உனக்க ‘சொல்லாமல் விட்டவற்றில்’ சேத்துக்க.

பூட்டைப் பத்தி சொல்லல்லன்னு சொல்லியே சொல்லியும் போட்டுட்ட. கொள்ளாம். பைக்குல பயலுக வந்து விடுதி முன்னால விசிலடிச்சப்ப நீ எங்க இருந்த? ஏதாவது நாவலுக்கு உள்ள இருந்திருப்ப. மார்க்கெட்டு முழுக்க அலைஞ்சு, இருக்கதுலயே உறுதியான பூட்டா பாத்து வாங்கினது நான். அந்தப் பிள்ளைகளுக்க பாதுகாப்புக்கு. அத நீ குத்தம் போல எழுதுக.

இனி விசாரணை. சிரிச்சோம்னு எழுதியிருக்க. என்ன நடந்ததுன்னு கேளு. கம்பெனியில ஹிந்தி தெரிஞ்ச ஒரே ஆளு பிரபின். மும்பையில வேலை பாத்தவன். அவன் மேலயே புகாரு, அவனையா மொழிபெயர்க்க வைக்க? உன்னக் கூப்பிடலாம்னு நான் சொன்னேன். நீ அவ பக்கம் பேசுவன்னு முதலாளி வேண்டான்னுட்டாரு. சட்டப்படி வெளியில இருந்து வர வேண்டிய உறுப்பினரும் வரல்ல. அதனால மெள்ள மெள்ளத் தமிழில கேட்டோம், கையக் காட்டிக் கேட்டோம். அவ அழுதா. பிறகு தெளிவா சொன்னா: “பிரபின் பாபு ஜோர்.” இன்னொருக்கக் கேட்டோம். அதேதான். ஜோர், ஜோர்னு தலைய ஆட்டி ஆட்டி சொன்னா. குழுவுல உள்ள நம்ம கிளாரா அக்கா, தோல் உரிக்க பிரிவுல இருக்காளே, அவதான் “இவ்வளவு ஜோரான ஆளு மேல என்னத்துக்கு மக்களே புகாரு?”ன்னு கேட்டா. அப்பதான் ஒரு சிரிப்பு வந்துது. அவளப் பாத்துச் சிரிக்கல்ல. ரெண்டு பேருக்கும் ஏதோ பிரியம், ஏதோ பிணக்குன்னு நினைச்சோம்.

அவனும் எங்க சபைக்காரப் பையன், கொயர்ல பாடுகவன். இந்தப் பேச்சுல அவனும் நொந்துதான் போயிருக்கான். போதாக்குறைக்கு ஷேவிங் க்ரீம் ஒத்துக்காம ஒரு பக்கக் கன்னம் வெந்து நீர் கோத்துட்டு, ஞாயிற்றுக்கிழமை பாடவும் வரல்ல.

அவ எங்கன்னு சொல்லு.

ரெஜிலா

*

தேங்காப்பட்டணம்
20 ஆகஸ்ட்

ரெஜிலா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபத்தால் அல்ல. ஒரே ஒரு சொல்லால்.

ஷெஃபாலி இருக்கும் வீட்டில், எந்த வீடு என்று கேட்காதே, சென்ற வாரம் மத்தியானச் சாப்பாடு. வீட்டுக்காரம்மா அவள் சோற்றில் அயிலைக் கறி ஊற்றிவிட்டு, “எப்படி மக்களே, ஜோரா இருக்கா?” என்று கேட்டார். ஷெஃபாலி கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து, முதுகு சுவரில் படும்வரை பின்னால் போய் நின்றாள். “முள்ளு குத்திச்சா பிள்ளே?” என்று அவர் பதறிவிட்டார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது.

அவள் மொழியான வங்காளத்தில் ஜோர் என்றால் பலம். ‘ஜோர் கொரேச்சே’ என்றால் பலவந்தம் செய்தான் என்று பொருள். நான் சொல்லிக்கொடுக்கும் ஹிந்தியிலும் அதே சொல் உண்டு; தமிழ்ப் பேச்சில் வந்ததால் எனக்கு அன்று உறைக்கவில்லை. நம்மிடம் வந்து சேர்ந்திருப்பதும் அதே சொல்தான். வருகிற வழியில் எங்கேயோ தன் முரட்டுத்தனத்தைக் கழற்றிவைத்துவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. சந்தையில் வித்தை காட்டுகிறவன், எல்லாரும் ஜோராக் கை தட்டுங்க என்கிறானே, அதில் மட்டும் பழைய பலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வங்காளத்து நாவல்களை நான் எவ்வளவு படித்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். எல்லாம் தமிழில். மொழிபெயர்த்தவர்கள் நல்ல தமிழாக ஆக்கிக் கொடுத்து, இந்த ஒரு சொல் அங்கே பலவந்தமாவதை என் கண்ணில் படாமலே செய்துவிட்டார்கள்.

அவள் உங்கள் முன்னால் நின்று, பிரபின் என்னைப் பலவந்தம் செய்தான் என்று சொன்னாள். நீங்கள் நம்பவில்லையோ என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அது உங்கள் காதில் பாராட்டாக விழுந்தது.

இன்னொன்று. அந்த ஷேவிங் க்ரீம்.

அன்று அவள் கை கழுவாமல் வந்தாள் என்று எழுதியிருந்தேன். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் எப்படி வெந்து கொப்பளிக்கும் என்று, ஆலையில் இருக்கும் உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஷெஃபாலியிடம் கேட்டேன்: அவனை எப்படித் தள்ளினாய்? அவள் ஒரு உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே விரித்து, கன்னத்தில் அப்பி அழுத்துவதுபோல் காட்டினாள். பிறகு, இன்னொரு கை அவன் பிடியில் இருந்தது, இல்லையென்றால் மறு கன்னத்திலும் வைத்திருப்பேன் என்று வருத்தப்பட்டாள். ஆலையை விட்டு வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

அவள் சொன்னதைத்தான் உங்களுக்குப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. அவள் கையெழுத்து அவன் கன்னத்தில் இருந்தது, ரெஜிலா.

ஹிபா

*

மார்த்தாண்டம்
24 ஆகஸ்ட்

ஹிபா,

உன்ன நம்பாம இல்ல. ஆனா நீ படிச்சவ. படிச்சவங்க ஒரு சொல்ல வச்சுக்கிட்டு வீடே கட்டிருவாங்க. அதனால நானே விசாரிச்சேன்.

மேம்பாலத்துக்குக் கீழ உள்ள ஓட்டல்ல பரோட்டா போடுகவன் பெங்காலிப் பையன். வேலை முடிஞ்சு வரும்போ பார்சல் சொல்லிட்டு நின்னேன். “தம்பி, ஜோர்னா உங்க ஊருல என்ன?” அவன் மாவுக் கையோட, தனக்க வலது மணிக்கட்ட இடது கையால பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டினான். “இது ஜோர், அக்கா.” பிறகு என் முகத்தப் பாத்துட்டு, “யாரு பண்ணது?”ன்னு கேட்டான். நான் பார்சலயும் எடுக்காம வந்துட்டேன்.

மறுநாள் பிரபினுக்க வீட்டுக்குப் போனேன். அவனுக்க அம்மை டீ தந்தா. அவன் முழு நேரமும் ஒரு பக்கமாத் திரும்பி இருந்தே பேசினான். ஜன்னலப் பாத்து, கலண்டரப் பாத்து. எந்திரிக்கும்போ மறந்துபோய் நேரே திரும்பிட்டான். ஹிபா, எனக்க அம்மைக்க காலமே முந்திரி உடைக்க அண்டியாபீசுல போச்சு. அந்தப் பொள்ளல் எனக்குத் தெரியாதா? ஷேவிங் க்ரீமுக்கு அஞ்சு விரல் கிடையாது.

விசாரணைக்குன்னு சொல்லி, போனுல அந்தக் கன்னத்தப் படம் எடுத்தேன். டீயக் குடிக்காம வந்தேன்.

பிறகு விடுதிக்குப் போனேன். சாவிய அவன்கிட்ட இருந்து அன்னைக்கே வாங்கியாச்சு. நான் பூட்டத் திறந்து உள்ள போனதும், பேசிட்டு இருந்த பிள்ளைக எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டாங்க. நான் அவங்களுக்குப் பாதுகாப்பாக்கும்னு நினைச்சுட்டு இருந்தேன். அவங்க நின்ன நிப்பு அப்படி இல்ல.

பிறகு இன்னொண்ணு. அயிலக் கறிய ஊத்திட்டு ஜோரா இருக்கான்னு கேக்க வீட்டுக்காரி ஆருன்னு கண்டுபிடிக்க எனக்குப் பெரிய அறிவு வேணுமா? குளச்சல்ல உனக்க பல்கீஸ் மாமி. எனக்கு எத்தன தடவ ஊத்தியிருக்கா. முதலாளி இன்னைக்கும் கேட்டாரு, ஏதாவது தெரிஞ்சுதான்னு.

நானும் சொல்லல்ல.

மறு விசாரணை வைக்கணும்னு குழுவுக்கு எழுதியாச்சு. அவ வருவாளா? என்ன செஞ்சா வருவா? அவகிட்டயே கேட்டு எழுது. உனக்க அபிப்பிராயம் வேண்டாம்.

ரெஜிலா

*

தேங்காப்பட்டணம்
29 ஆகஸ்ட்

ரெஜிலா,

‘நானும் சொல்லல்ல’ என்று நீ எழுதிய வரியை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். “அவளுக்குக் கொஞ்சம் ஏத்தங்காய் சிப்ஸ் வறுக்கணும்” என்றார். பல்கீஸ் மாமி தரும் பாராட்டுப் பத்திரம் அதுதான். வீட்டில் இப்போது ஜோர் என்ற சொல்லுக்கே இடமில்லை. நன்றாக இருக்கிறதா என்பதற்கு “கொள்ளாமா?” என்றுதான் கேட்கிறார். ஷெஃபாலி, “கொள்ளாம்” என்கிறாள். உன் ஊர்க்காரி மாதிரியே இழுத்துச் சொல்கிறாள்.

என் அபிப்பிராயம் வேண்டாம் என்றாய். சரி. நடந்த பேச்சை மட்டும் எழுதுகிறேன்.

ஊருக்குப் போக ரயிலில் இடம் பார்க்கட்டுமா என்று நான்தான் கேட்டேன். ஷெஃபாலிக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் திருடினேனா, ஓடுவதற்கு? அவன் போகட்டும்” என்றாள். சரி, இங்கேயே மாமியோடு இரு என்றால், அதற்கும் இல்லை. அவளைப் போல வேகமாக முந்திரி உடைப்பவர்கள் அந்தப் பிரிவில் யாருமில்லையாம். கேட்டுப் பார் என்கிறாள். உண்மையா?

மாமி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மஸ்கட்டில் எத்தனையோ வருடம் வீட்டு வேலை பார்த்தவர், அந்த வீட்டைப் பற்றி எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. தங்கப் பல் கட்டிய முதலாளியம்மா, ஒட்டகப் பால் டீ, இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த மஸ்கட். அன்றைக்குத் திடீரென்று, தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அவளிடம் சொன்னார்: “எனக்க அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது பிள்ளே. தினமும் அரிசிச் சாக்க இழுத்து முட்டுக் குடுத்துட்டுத்தான் ஒறங்குவேன்.” அவ்வளவுதான். நான் நிமிர்ந்து பார்த்தபோது வெங்காயத்துக்குள் குனிந்துவிட்டார்.

ஷெஃபாலி அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். விடுதியின் வெளிப்பூட்டை எடுக்க வேண்டும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். யார் வந்தாலும், மேடம் வந்தாலும், தட்ட வேண்டும். பைக்கில் வருகிறவர்களை விரட்ட வாசலில் காவலுக்கு ஆள் போடட்டும், அதற்காக எங்களைப் பூட்டிவைக்க வேண்டாம் என்றாள். அவள் சொன்ன ‘வேண்டாம்’ அவ்வளவு சுத்தமாக இருந்தது. பிரபின் விசாரணை அன்றைக்கு ஆலைக்குள்ளேயே இருக்கக்கூடாது என்பதையும், மொழிபெயர்க்க ஒரு பெண் வேண்டும் என்பதையும் போகிற போக்கில் சேர்த்துக்கொண்டாள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வங்காளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார், வரச் சம்மதித்துவிட்டார்.

நானும் உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். “நீ வெளியே உட்காரு தீதி. நான் பேசிக்கொள்வேன்.”

பெண்களுக்காகப் பேசுவது என்று இத்தனை நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தது எதுவோ, அது அந்த இடத்தில் சின்னதாகிவிட்டது. எனக்கு வருத்தமில்லை.

ஹிபா

*

தேங்காப்பட்டணம்
12 செப்டம்பர்

ரெஜிலா,

விசாரணை முடிந்து வெளியே வந்த உன்னிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். எனக்கு நேரில் பேச வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

ஷெஃபாலி வழி முழுக்க அந்த அறையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நீ விசாரணையைத் தொடங்கும் முன் எழுந்து நின்றாயாம். “போன தடவை இந்தப் பிள்ளை சரியாத்தான் சொன்னா. தப்பாக் கேட்டது நான்” என்று சொல்லிவிட்டு, வங்காளி ஆசிரியை அதை அவளுக்குச் சொல்லி முடிக்கும்வரை உட்காராமல் நின்றாயாம். அதற்கப்புறம் கிளாரா அக்கா தன் மணிக்கட்டைத் தானே பிடித்து முறுக்கி, “இதையா மக்களே நீ சொன்ன?” என்று கேட்டாராம். இவள் ஆமாம் என்றதும், அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாராம். “அந்த அக்காவை நான்தான் தேற்ற வேண்டியிருந்தது” என்று ஷெஃபாலி பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

அவன் கன்னத்தைப் பற்றி அவளிடம் கேட்டார்களாம். கையை விரித்து மேசைமேல் வைத்தாளாம். நீ எடுத்து வைத்திருந்த படத்துக்குப் பக்கத்தில்.

மீதியை, எங்களோடு வந்திருந்த மாமி சொன்னார். நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மாமி, காற்று வரட்டும் என்று ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். இதெல்லாம் வெளியே போனால் கம்பெனி பேர் என்ன ஆகும் என்று முதலாளி கேட்டதும், அதற்கு நீ சொன்னதும் அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து குளச்சலில் பார்க்கிற ஆளுக்கெல்லாம், உன் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார்: “சார், நம்ம பேரு கெட்டது அவ வாயால இல்ல, நம்ம காதால.” மீன் விற்கும் பெண்ணுக்குக்கூட இப்போது அது மனப்பாடம்.

திரும்பும் வழியில் மேம்பாலத்துக்குக் கீழே நிறுத்தச் சொன்னேன். உன் பரோட்டாப் பையனிடம் ஷெஃபாலி தன் மொழியில் ஏதோ சொன்னாள். அவன் ஏதோ கேட்டான். இவள் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். அவன் கரண்டியால் கல்லை ஒரு தட்டுத் தட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எனக்கு மொழிபெயர்த்தாக வேண்டும் என்று இல்லை.

பிரபினுடைய அம்மா இருக்கும் சபையில், அவன் பாடும் கொயரில் நீயும் பாடுகிறாய். அந்த அறையில் எழுந்து நிற்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் உன் தோழி என்று சொல்லிக்கொள்வதில் அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஆட்டோவில் ஏறும் முன்பே சொல்லியிருக்கலாம்.

சிப்ஸ் மாமியிடம் தயாராக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்.

ஹிபா

*

மார்த்தாண்டம்
2 டிசம்பர்

ஏட்டி ஹிபா,

உனக்க நம்பர எப்பவே திறந்து விட்டுட்டேன். ஆனா இத எழுதித்தான் சொல்லணும்னு தோணுச்சு. பெருமைன்னு நீ எழுதின பக்கத்த அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன். அவ அத வாங்கி வேதப் புத்தகத்துக்கு உள்ள வச்சுட்டா. இனி கேட்டாலும் கிடைக்காது.

பிரபின வேலைய விட்டு எடுத்தாச்சு. மகளிர் காவல் நிலையத்துல ஷெஃபாலி குடுத்த புகாருக்கு வழக்கு நடக்குது; அவ கோர்ட்டுக்குப் போக நாள்ல எல்லாம் கிளாரா அக்காதான் கூடப் போகா, கேக்காமலே. எங்க கொயர்ல இப்ப ஆண் குரல் ஒண்ணு குறைவு. பாதிச் சபை அம்மைகிட்ட பேசுகதில்ல. அம்மை மீதிப் பாதிகிட்ட சத்தமாப் பேசுகா. எனக்கு வர வேண்டிய மேனேஜர் பதவிய முதலாளி தள்ளி வச்சுட்டாரு. வைக்கட்டு.

நீ கேட்டிருந்தது உண்மைதான். உடைக்க பிரிவுல அவளுக்க வேகம் ஆருக்கும் கிடையாது.

அந்தப் பூட்டு எங்க வீட்டுக் கோழிக்கூட்டுல தொங்குது. நல்ல பூட்டு; வீணாக்க மனசு வரல்ல.

நேத்து சாயங்காலம் விடுதிக்குப் புதுப் போர்வைகள எடுத்துட்டுப் போனேன். கதவு உள்ள தாழ் போட்டிருந்துது. தட்டினேன்.

“ஆரு?”ன்னு ஷெஃபாலி கேட்டா.

பேரைச் சொன்னேன். திறந்தா.